தலாத்து ஊட்டிய கடலை விழுது

ஜிந்தேர் நகரத்து எண்ணெய் ஆலைக்காரர்கள் மெலிந்த பிள்ளைகளுக்காக இலவசமாக அனுப்பும் வேர்க்கடலை விழுதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது தலாத்துவின் வேலை. அதைக் கொடுத்தும் இரண்டு வயது சாலிசு தேறவில்லை. அவன் கையைச் சுற்றிய அளவு நாடா இன்றும் ஆபத்தைக் காட்டும் சிவப்பில்தான் நின்றது. இப்படியே போனால் பிள்ளை மழைக்காலத்தைத் தாண்டாது.

“எல்லாருக்கும் பங்கு வச்சியா ஸுவைரா?” என்று தாயைக் கேட்டாள்.

“ஒரே தட்டுல தின்னு வளந்ததுங்க அக்கா. இவனுக்கு மட்டும் எப்படிக் குடுப்பேன்?”

“மருந்துன்னு சொல்லச் சொன்னேனே?”

“சொன்னேன். இனிக்கிற மருந்தான்னு எல்லாம் வரிசையில நிக்குதுங்க. எங்க மாமியாருக்கும் திடீர்னு காய்ச்சல்.”

தலாத்துவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. காலையிலிருந்து வாசலுக்கு வாசல் இதே பதில்தான். சாலிசுவைத் தூக்கிக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து அவன் வாயருகே நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பின்னாலேயே வந்து நின்ற தமக்கையைப் பார்த்தான்.

தலாத்து பெருமூச்சு விட்டாள். விழுதை விரல் நுனியில் தொட்டு அந்தச் சிறுமியின் நாக்கில் தடவினாள். அதன் பிறகே அவன் வாயைத் திறந்தான். பொட்டலம் காலியாகும்வரை தலாத்து எழுந்திருக்கவில்லை.

“நாளையிலேர்ந்து காலையில நானே வந்து ஊட்டுறேன்,” என்று ஸுவைராவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இன்னும் இரண்டு ஊர் நடக்க வேண்டியிருந்தது.