காளியம்மை பக்கத்துக் கதவு

கொச்சி கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டிய ராஜப்பன், ஓய்வுபெற்ற கையோடு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வாங்கினார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கைக் காலி செய்தபோது சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. இரண்டே சீட், கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்த மாதிரி ஒரு வெளிநாட்டு வண்டி. கிடங்குக்காரர், "இதை எடுத்துட்டுப் போனா பெரிய உபகாரம்" என்றார். வேலைப் பழக்கம், ராஜப்பன் எடுத்துக்கொண்டு போனார்.

எஞ்சினைத் தானே பிரித்துப்போட்டு ஓடவைத்தார். உடனே சிவப்புப் பெயின்ட் அடித்தார். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். மனைவி காளியம்மை பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். "உலை வைக்கறதுக்கு முந்தி யாராச்சும் இலை போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தாலும் முதல் சவாரிக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்து வண்டி, பெல்ட் எல்லாம் இல்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் வலதுபுறம் திரும்பியபோது அவள் பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது. காளியம்மை வெளியே போய், சஜியின் சாயாக்கடை வாசலில் ரோட்டில் உட்கார்ந்தாள். ராஜப்பன் எஞ்சின் சத்தத்தின் அழகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் போய் ஒரு கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. அதில் அவருக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. கதவு படார் படாரென்று அடித்துக்கொள்வதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது அவள் கடை பெஞ்சில் இருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலது கையில் பாதி குடித்த சாயா. ராஜப்பன் என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார்.

"எறங்கணும்னா சொல்லியிருக்கலாமே, காளி."

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். அன்றோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு ஆறுகிறது என்றால், எர்ணாகுளம் பிராட்வேயில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் ஜிஷாவுக்குப் போன் போகும். ஜிஷா அப்பாவுக்குப் போன் செய்வாள். அப்பா பக்கத்து அறையிலிருந்து எழுந்து சாப்பிட வருவார்.

கதவைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ராஜப்பன் நம்பினார். குளியலறைக் கதவுக்குப் போடுகிற பெரிய தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி மாட்டினார். பக்கத்து சீட்டில், ஏறக்குறைய காளியம்மையின் எடைக்கு ஒரு அரிசி மூட்டையை வைத்து அதே வளைவில் திருப்பினார். தாழ்ப்பாள் அசையவில்லை. முன்பக்கம் கீல் இரண்டும் தகரத்தோடு பிய்ந்துகொண்டு வந்தன. மூட்டை அதே இடத்தில் விழுந்து உடைந்தது. சஜி இந்தத் தடவை சாயா கொடுக்கவில்லை.

கதவைச் சீட்டில் படுக்கப்போட்டுக்கொண்டு மொய்துவின் டிங்கரிங் பட்டறைக்குப் போனார். மொய்து கீல் இருந்த தூணை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது.

"பூட்டு நல்ல பூட்டுதாண்ணே. கீலும் நல்ல கீலு. அதுங்க பிடிச்சுக்க வண்டியில ஒண்ணும் இல்ல. பெயின்டைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

புதுப் பெயின்டைச் சுரண்டினார்கள். தூணை வெட்டித் திறந்து, உள்ளே கனத்த இரும்புத் தகடு வைத்து, அதில் நட்டுகளை வெல்டிங் செய்து, கீலுக்குப் புது ஊசி போட்டு நீளமான போல்ட்டால் முடுக்கினார்கள். பூட்டு விழுகிற பக்கத்துக்கும் பின்னால் ஒரு தகடு. திரும்பும்போது வண்டியே நெளிந்து பூட்டு நழுவாமல் இருக்க, கதவுக்கு அடியில் நெடுக ஒரு பட்டை. இரண்டு சீட்டுக்கும் பெல்ட். ராஜப்பன் தகடு பிடித்தார், கிரைண்டர் போட்டார், கண்ணில் பொறி வாங்கினார்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்றார் மொய்து.

"பேசறதில்ல."

"விழுந்ததுக்கா?"

அன்று சாயாக்கடையில் தான் அவளிடம் சொன்னதை ராஜப்பன் சொன்னார். மொய்து வெல்டிங் மெஷினை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"அதை ஒட்டவைக்க என்கிட்ட ராடு இல்லண்ணே."

மாவுக்கட்டு பிரித்த பிறகு, ஜிஷா மூலமாக அழைப்புப் போய், காளியம்மை பட்டறைக்கு வந்தாள். கதவைத் திறந்தாள். அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். வண்டிதான் ஒருபக்கம் சாய்ந்தது, கதவு தாழவில்லை. மூடினாள். திறந்தாள். பிறகு மொய்துவிடம், "நீங்க ஓட்டுங்க. அவரை என் சீட்டுல உக்கார வைங்க. பெல்ட் வேணாம்" என்றாள்.

மொய்து ஓட்டினார். வளைவில் ராஜப்பன் கதவின் மேல் போய்ச் சாய்ந்தார். பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ரோடு அவருடைய முழங்கைக்குக் கீழே ஓடியது. அதில் கிடந்த மீன் செதில்கூடத் தெரிந்தது. நாற்பது வருஷம் உயரமான லாரியில் உட்கார்ந்தவருக்கு ரோடு இவ்வளவு கடினமானது என்று தெரியாது. கதவு அசையவில்லை. அவர் மட்டும் அசைந்தார்.

திரும்பி வந்து இறங்கியவர், யாரையும் பார்க்காமல் சொன்னார். "பயமாத்தான் இருக்கு, காளி. நான் முதல்ல கையைப் பார்த்திருக்கணும். ஏதோ ஒளறிட்டேன். தப்பு."

காளியம்மை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மதி, இது போதும். வண்டியை எடுங்க" என்றாள். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை ஜங்கார் படகில் ஏற்றி வைப்பின் தீவுக்குப் போய் மீன் வாங்கி வருகிறார்கள். போகிற வழியெல்லாம் அவள் பேசுகிறாள். போன் தொல்லை விட்டதென்று ஜிஷாவுக்கு நிம்மதி.

வலதுபக்கக் கதவுக்கு இன்னும் பழைய தூணும் பழைய கீலும்தான். மழை முடிந்து செய்யலாம் என்று மொய்து சொல்லியிருக்கிறார். அது ராஜப்பன் உட்காருகிற பக்கம் என்பதால் காளியம்மை அவசரப்படுத்தவில்லை.