வாப்பாவுக்குக் கிடைத்த ஒரு கேள்வி

பிரான்ஸின் தெற்கில் பல நாடுகள் சேர்ந்து ஓர் அணு இணைவு உலையைக் கட்டுகின்றன. சூரியனுக்குள் நடப்பதை எஃகுக் கலத்துக்குள் நடத்தி, அதிலிருந்து மின்சாரம் எடுக்க வழி உண்டா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு. என் தம்பி அங்கே வெல்டிங் சோதிக்கும் என்ஜினியராக இருந்தான். நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேரின் பத்துபஸ்தி பகுதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் டீசல் வந்தால்தான் எங்கள் மின்விசிறி சுற்றும். அதனால் தம்பியின் வேலை வாப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கரண்ட் போகும்போதெல்லாம், "எம்மவன் அத முடிச்சிட்டா இந்த ரோதனையெல்லாம் இருக்காது" என்பார். "அதுவரைக்கும் மெழுகுவத்தி குடுங்க சாச்சா" என்பார்கள் கடைக்கு வந்தவர்கள்.

அந்த உலைக்கு ஒவ்வொரு நாடும் தன் பங்கில் பெரும்பகுதியைப் பொருளாகச் செய்து அனுப்பும், கொஞ்சத்தை மட்டும் ரொக்கமாகக் கட்டும் என்று தம்பி சொன்னபோது வாப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே கடைக்காரர்களின் வழக்கமும் அதுதான். எங்கள் பள்ளிவாசலைப் பெரிதாக்கிக் கட்டியபோது வாப்பா கம்பி கொடுத்தார், பக்கத்துக் கடைக்காரர் சிமெண்ட், இன்னொருவர் பெயிண்ட். பொருளாகக் கொடுத்தால் அது எங்கே போயிற்று என்று கண்ணால் பார்க்கலாம் என்பது வாப்பாவின் கட்சி. எல்லாம் வந்து குவிந்தது, கொத்தனாருக்குக் கூலி கொடுக்கத்தான் ஆளில்லை. வாப்பாவின் கம்பிகள் ஒரு மழைக்காலம் முழுக்க உப்புக் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு நின்றன.

"இங்கயும் அதே கூத்துதான் வாப்பா" என்றான் தம்பி போனில். "அவங்கவங்க ஊரு ஃபேக்டரில செஞ்சு அனுப்பச் சொன்னா ஓடி வர்றாங்க. சேத்து மாட்டுற ஆளுக்குச் சம்பளம்னா கை சுருங்கிப் போகுது. ரொக்கத்த வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா எந்த மந்திரி எங்க போய் ரிப்பன் வெட்டுவாரு?"

எந்த நாடு பாக்கி வைத்திருக்கிறது என்று வாப்பா துருவித் துருவிக் கேட்டார். அவன் பேச்சை மாற்றினான். எங்களுக்கு விளங்கிவிட்டது.

பல ஊர்களில் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் திரும்பச் செப்பனிட வேண்டியிருந்தது. உலை எரியும் நாள் தள்ளிப்போனது. பிறகு இன்னும் தள்ளிப்போனது. தம்பியின் ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. ரொக்கம் வந்தால் நீட்டிப்பார்கள், வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றான். ஒன்றுமில்லாத விஷயம்போலத்தான் சொன்னான். குரல் அவனைக் காட்டிக்கொடுத்தது.

அந்த வருடம்தான் உம்மாவுக்கு நோய் முற்றியது. அவருக்கு வேண்டிய சிகிச்சை தீவில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சென்னைக்குத்தான் போக வேண்டும். விமான டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். கப்பலில் இடம் பிடிக்க நான் வரிசையில் நிற்பேன். இடம் கிடைத்தாலும் அத்தனை நாள் கடலில் உம்மாவின் உடம்பு தாங்காது. எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும்.

தேர்தல் வந்தது. வேட்பாளர் வியாபாரிகளைச் சந்திக்க ஒரு மண்டபத்துக்கு வந்தார். பேச விட்டால் கூட்டம் முடியாது என்பதால், தெருவுக்கு ஒரு கேள்வி என்பது இங்கே எழுதாத விதி. இந்த முறை எங்கள் தெருவுக்கு வாப்பா என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வாப்பா எழுந்தார். கடையில் பேசும் அதே ஹிந்தியில், இணைவு உலைக்கு நம் நாடு தர வேண்டிய ரொக்கத்தை எப்போது கட்டும், நாடாளுமன்றத்தில் அதைக் கேட்பீர்களா என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சாச்சா, சூரியன்தான் இங்க தேவைக்கு மேல அடிக்குதே" என்றார். சிரிப்பு எழுந்தது. வேட்பாளரும் சிரித்து, "சாச்சா, யே தோ தில்லி கா மாம்லா ஹை" என்றார். தில்லி விவகாரமாம். தில்லிக்குப் போகத்தானே அவரே ஓட்டுக் கேட்டு வந்திருந்தார். வாப்பா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த தெருக்காரர் எழுந்து தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உம்மாவுக்காக ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா வாப்பா? கெடச்சதே ஒரு கேள்வி. அதக் கொண்டுபோய் பிரான்ஸுல போட்டீங்களே!"

வாப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேலும் ஏதோ கத்தினேன். உம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவங்கள ஏன் வையிற? நான்தான் கேக்கச் சொன்னேன்."

நான் உம்மா பக்கம் திரும்பினேன்.

"ஆஸ்பத்திரி வந்தாலும் நான் போனப்புறம்தான் வரும். அவன் கட்டுறதும் நான் போனப்புறம்தான் எரியும். ரெண்டையும் நான் பாக்கப்போறதில்ல. அதுல ஒண்ணாவது எம்புள்ள கை பட்டதா இருக்கட்டுமே புள்ள."

அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. தம்பி திரும்பி வந்தபோது உம்மாவுக்கு எழுந்து உட்கார முடிந்தது. கடைசி இரண்டு தடவை சென்னைக்கு அவன்தான் கூட்டிப்போனான். ஊட்டிவிட்டான், கால் பிடித்துவிட்டான், உயிர் பிரியும்போது பக்கத்தில் இருந்தான். மய்யித்துக்கு வந்தவர்களெல்லாம், உம்மா கொடுத்துவைத்தவர், நல்ல சமயத்தில் பிள்ளை வந்து சேர்ந்தான் என்றார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நாடு பணம் கட்டியிருந்தால் உம்மா அவன் கையில் போயிருக்க மாட்டார். ஆனால் உம்மா கேட்டது அந்தப் பணத்தைத்தான்.