கல்லைப் பார்க்கப் போய் மடையைத் திறந்தது

என் பிள்ளை எங்களை இங்கிலாந்துக்கு வரவழைத்துக் கல்லைக் காட்டினான். மருமகள் வேலைக்குப் போய்விட, காரில் தயிர்சாதத்தைக் கட்டி வைத்துக்கொண்டு மூன்று நாள் கிராமம் கிராமமாகக் கல். ஊருக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது என் நாத்தனார், "ஏன், அங்க பாக்குறதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். இல்லாமல் என்ன? ராணி வீடு, பெரிய கடிகாரம், மெழுகுப் பொம்மை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே காட்டி முடித்துவிட்டான். பாக்கி இருந்தது கல்தான்.

நாங்கள் அவ்வளவு தூரம் போனது கல்லுக்காக இல்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த ஆவணியில் அறுபது முடிகிறது. திருக்கடையூரில் நாள் பார்த்து மண்டபமும் சொல்லி வைத்தாயிற்று. அறுபதாம் கல்யாணம் என்றால் மறுபடி தாலி கட்டுவது மட்டும் இல்லை. பூஜையில் வைத்த கலசத் தண்ணீரைப் பெற்றவர்கள் தலையில் பிள்ளை கையால் ஊற்ற வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் வந்து ஊற்றினால் விசேஷம், வராவிட்டால் அது வெறும் குளியல். போனில் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்றே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டான். நேரில் பிடித்து உட்கார வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் நான் விமானம் ஏறினேன்.

வீட்டுக்காரர் ஏறும்போதே தடை போட்டார். "நீயா கேக்காத. அவனா வர்றேன்னு சொல்லணும். கெஞ்சிக் கூப்பிட்டு வந்தா அவன் விருந்தாளி, பிள்ளை இல்ல." இவர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் ஐந்து ஏக்கர் நெல் போடுகிறவர். மேலே இருக்கிற அத்தனை ஊர் வயலும் வயிறு முட்டக் குடித்த பிறகுதான் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்க்கும். மேலூர்க்காரன் முதல் என்ஜினியர் ஆபீஸ் பியூன் வரை தண்ணீருக்காக எல்லோரிடமும் கெஞ்சியவர், பெற்ற பிள்ளையிடம் மட்டும் கெஞ்ச மாட்டாராம். நல்ல கௌரவம்!

முதல் நாள் ஒரு பொட்டலில் வட்டமாக நட்டு வைத்த கற்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் யானை உயரம். கிட்டே போக விடவில்லை. கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே நம்மைச் சுற்ற விடுகிறார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் வேறு கொடுத்தார்கள். அது சொன்னதை என் பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இத யாரு வச்சது?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியாதுப்பா."

"எதுக்கு வச்சாங்க?"

"அதுவும் தெரியாது. ஐயாயிரம் வருஷம் ஆச்சு."

"ஒண்ணும் தெரியாததுக்கா இவ்வளவு பெரிய டிக்கெட்?"

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் விளக்குக்கு நெய் கொடுத்தவன் பெயர் வரைக்கும் கல்லில் வெட்டியிருக்கிறது. அதைப் பார்க்க நம்மிடம் காசு கேட்பவர் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் ஒருவர்தான். இதே பிள்ளையைச் சின்ன வயதில் அங்கே அழைத்துப் போனால் வெயில் சுடுகிறது, ஐஸ் வேண்டும் என்று தரையில் புரளுவான். இங்கே காற்று காதை அறுக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக நிற்கிறான். சரி, மனசு இளகியிருக்கிறது, இதுதான் சமயம் என்று நான், "தம்பி, ஆவணி பதினெட்டாம் தேதி..." என்று ஆரம்பித்தேன். "அம்மா, அங்க பாரு, அந்தக் கல்லு மட்டும் நூத்தம்பது மைலுக்கு அப்பாலேர்ந்து வந்ததாம்!" என்று நகர்ந்துவிட்டான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அந்தக் கல்லைக் காட்டுவதற்கும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்த பிள்ளை என் பிள்ளை ஒருவனாகத்தான் இருப்பான்.

இரண்டாம் நாள் ஒரு பெரிய மண்மேடு. அதற்குள் கல் வைத்துக் கட்டிய அறைகள், குனிந்து போய்ப் பார்க்கலாம் என்றான். உள்ளே என்ன என்று கேட்டேன். "அந்தக் காலத்துல செத்தவங்கள வச்ச இடம்மா" என்றான் முகம் மலர. எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்த பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்து பிணக்குழியில் இறங்கச் சொல்கிறான்! நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பாவும் பிள்ளையும் போய்விட்டு வந்தார்கள். தலை முழுகாமல் காரில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் குளிரில் எங்கே முழுகுவது? கடைசியில் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை இருவர் தலையிலும் தெளித்துத்தான் ஏற்றினேன். அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அதையும் போட்டோ எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் கிராமம். தெரு முழுக்கக் கூரை வீடு. அதுவும் தாழ்வாரம் தலையில் இடிக்கிற கூரை. "நானூறு வருஷ வீடும்மா. ஒரு ஜன்னலக்கூட மாத்தக்கூடாது. சட்டம்" என்றான். பாவம், வசதி இல்லாத ஊர் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். ஒரு வீட்டு விலையை நம் காசில் சொன்னான். வீட்டுக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "நாலு கோடிக்குக் கூரையா! நம்ம தெருவுல கீத்தப் பிரிச்சிட்டு காங்கிரீட் வீடு வாங்குறதுக்கு ஒவ்வொருத்தனும் தாலுகா ஆபீசுக்கு என்ன நட நடந்தான்!"

எங்கள் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டச் சொன்னதும் இதே பிள்ளைதான். முதல் வருஷச் சம்பளத்தை அனுப்பி, "ஃப்ரெண்ட்ஸக் கூட்டிட்டு வர வெக்கமா இருக்கு, இடிச்சிடுங்கப்பா" என்றான். இடித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஓட்டில் இருந்து தேள் விழும், அடைமழையில் அண்டாவை வைத்து ஒழுகலைப் பிடிக்க வேண்டும். போனதே என்று இருந்தேன். ஆனால் சொந்தக் கூரையைப் பார்த்து வெட்கப்பட்டவன் அடுத்தவன் கூரையின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் எரிச்சல் வருமா வராதா? அக்கரைக்கு இக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் அந்த ஊர் மாதா கோயிலைப் போட்டோ எடுக்கப் போனான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு குளம். அழகுக்கென்றே அந்த ஊரார் காப்பாற்றி வரும் குளம், நிறைய வாத்து. குளத்தின் கரையில் இரண்டு கல்லுக்கு நடுவே பலகை செருகிய சின்ன மடை. பலகைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் தளும்புகிறது, அந்தப் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அதற்குக் கீழே புல்வெளி பழுத்துப்போய் நிற்கிறது. அந்த வருஷம் அங்கே மழை குறைவாம்.

கடைமடைக்காரரை அப்படி ஓர் இடத்தில் தனியாக விடலாமா? நான்தான் கவனித்திருக்க வேண்டும். "பாவிப்பய, தண்ணிய அடைச்சு வச்சிக்கிட்டு வயலக் காயப் போட்டிருக்கான்!" என்று இவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பலகையை உருவிவிட்டார். தண்ணீர் பாய்ந்தது பாருங்கள், எங்கள் ஊரில் மேட்டூர் திறந்த தண்ணீர்கூட அப்படிப் பாய்ந்து நான் கண்டதில்லை. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் புல் நனைவதைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்தது குறைவு.

கால் மணி நேரத்தில் குளம் பாதி. வாத்துகள் சேற்றில் நின்றுகொண்டு கத்தின. தோட்ட வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி கையுறையோடு ஓடி வந்தாள். என் பிள்ளையும் ஓடி வந்தான். அவள் கத்தவில்லை. "சாரி" "சாரி" என்று நாலு முறை சொன்னாள், ஒவ்வொன்றும் அறைகிற மாதிரி இருந்தது. "வாத்து எங்க வேணா நீந்தும், பயிர் எங்க போவும்னு கேளுடா" என்றார் இவர். அவன் அதை அவளிடம் மொழிபெயர்த்தபோது அவன் அப்பா மிகவும் வருந்துகிறார் என்று ஆனது. எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் புரியும். சேற்றில் துள்ளுகிற மீனைப் பிடித்துப் போட ஒரு வாளியைக் கொடுத்துவிட்டு, ஊர்க் கமிட்டித் தலைவரைக் கூட்டி வரப் போனாள் கிழவி.

பலகையைத் திரும்பச் செருகினால் நிற்கவில்லை. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அழுத்திப் பிடிக்க, ஒருவர் மண் வைத்து அணைக்க. என் பிள்ளை ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினான். சொந்த வயலில் பதினெட்டு வயசு வரை கால் வைக்காதவன்! இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் குனிந்து நின்றான். இனி நழுவ வழியில்லை, காட்டுவதற்குக் கல்லும் இல்லை. வீட்டுக்காரர் போட்ட தடையாவது ஒன்றாவது. நான் கரையில் நின்று கேட்டேன்.

"தம்பி, ஆவணிக்கு வருவியா மாட்டியா?"

"வர முடியாதும்மா."

"லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களா?"

"லீவு இல்லம்மா. நானும் அவளும் இங்கயே நிரந்தரமா இருக்குறதுக்கு கவர்மெண்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம். எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் அவங்ககிட்ட இருக்கு. பதில் வர்றதுக்கு முன்னாடி நாட்ட விட்டுப் போனா எல்லாம் ரத்தாயிடும்."

"எப்ப எழுதிப் போட்ட?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே." தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "சொல்லணும்னுதான் தினமும் நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு மூன்று நாள் கல்லுக்கும் அர்த்தம் தெரிந்தது. என்னிடம் இதைச் சொல்ல வாய் வராமல் ஊர் ஊராகச் சுற்ற வைத்திருக்கிறான். நிரந்தரமாக என்ற அந்த ஒரு சொல் போதாதா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்காரர் புல்லோடு பெயர்த்த மண்ணை வைத்து மிதித்துக்கொண்டே இருந்தார். அவன் கையை எடுக்கப் பார்த்தபோது, "எடுக்காத, இன்னும் கசியுது" என்றார். கசிவு நின்றது. மேலே ஏறி வந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"அந்த வாளிய எடு" என்றார் அவனிடம்.

"எதுக்குப்பா?"

"தண்ணி இருக்கு. பிள்ளை இருக்க. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். ஊத்து."

"என்னங்க இது அநியாயம்!" என்றேன். "வாத்துக் குளத்துத் தண்ணி! ஐயர் இல்ல, மந்திரம் இல்ல, நாளும் இல்ல..."

"ஐயர் ஆவணியில வந்துடுவாரு. இவன் வரமாட்டான்."

சொல்லிவிட்டுக் கைகூப்பிக் குனிந்து நின்றுவிட்டார். கெஞ்ச மாட்டேன் என்ற மனுஷன். என் பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்ய? வாளியில் இருந்த மீனைக் குளத்தில் விட்டுவிட்டு, மேலேயிருந்து ஓடை வந்து குளத்தில் விழுகிற இடத்தில் நல்ல தண்ணீராக மொண்டு வந்து அப்பா தலையில் ஊற்றினான். அடுத்து என் தலையில். உயிர் போகிற குளிர். ஊற்றிவிட்டு அந்த ஈர மண்ணிலேயே எங்கள் காலில் விழுந்தான். அவனை எழுப்பத் தோன்றாமல் நான் அழுதேன், அவனும் அழுதான். கமிட்டித் தலைவரோடு திரும்பி வந்த கிழவி இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். குளத்தை வடித்ததற்கு எங்களுக்கு நாங்களே தண்டனை கொடுத்துக்கொள்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, வீட்டுக்குப் போய்த் துண்டு எடுத்து வந்து கொடுத்தாள்.

ஆவணியில் திருக்கடையூரில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஐயர் வந்தார், நாதஸ்வரம் வந்தது, சொந்தம் முழுக்க வந்தது. கலசத் தண்ணீரை என் கொழுந்தன் மகன் ஊற்றினான். நல்ல பிள்ளை, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிதானமாக ஊற்றினான். தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "ஜில்லுன்னே இல்லடி" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.