கோலம் கலையாத முடுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நகரசபைப் பியூன் எங்கள் முடுக்கின் முனையில் நின்ற பூவரச மரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் நெசவாளர் வீடுகளில் நாலாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பொதுஜன உபயோகம் குறைந்த இந்த வழியை நகரசபை கைவிட்டு, பக்கத்து நிலக்காரருக்குக் கிரயம் செய்து கொடுக்க உத்தேசித்திருக்கிறதாம். ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பார். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

பக்கத்து நிலக்காரர் என்றால் கொப்பரை முதலாளி. எங்கள் வீடுகளைத் தாண்டினால் முடுக்கின் இரு பக்கமும் அவருடைய சரக்குக் கிட்டங்கிகள் இருந்தன. நடுவில் கிடந்த அந்தக் குறுகிய வழி இல்லாமல் போனால் இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

எங்கள் வீட்டு வாசல்கள் பெரிய தெருவைப் பார்த்திருந்தன. முடுக்கு வீடுகளின் பின்புறம் ஓடியது. பார்ப்பவர்களுக்கு அது ஒரு கொல்லைப்புற வழி. எங்களுக்கோ அதுதான் தறியின் பாதி. நெய்வதற்கு முன் பாவை, அதாவது துணியின் நீளத்துக்கு ஓடும் நூல் முழுவதையும், நீட்டிக் கட்டி, கஞ்சி பூசி, வேர்நாரில் செய்த தூரிகையால் வாரி வாரிக் காயவிட வேண்டும். அதற்கு நேராக நீண்ட, நிழலான ஓர் இடம் வேண்டும். பெரிய தெருவில் காளைவண்டியும் பஸ்ஸும் ஓடுகின்றன. அங்கே பாவு விரித்தால் நூலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டான். முடுக்கு போனால் என் தறி நிற்கும். அன்று இரவு நான் தூங்கவில்லை. வடசேரியில் நூல் எடுக்கப் போனபோதும் அதே நினைப்பில் கணக்கைத் தப்பாகச் சொல்லி ஏச்சு வாங்கினேன்.

"இந்த மனுஷனுக்கு எப்பவும் வெப்ராளம்தான்," என்றாள் என் மனைவி. "மழை வந்தா ஓடு ஒழுகுமான்னு வெப்ராளம். மழை வரலைன்னா கிணறு வத்துமான்னு வெப்ராளம். இப்பம் ஒருநாளாவது காரியத்தோட பயந்திருக்கேரு."

ஆட்சேபத்தை நான்தான் எழுதினேன். பிழை மலிந்திருக்கும். ஆனால் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

ஓவர்சியர் வரும் நாள் தெரிந்ததும் எங்கள் மூப்பர் கூட்டம் போட்டார். தெருவில் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னே நிற்கிற மனிதர்.

"வாறது சர்க்காருக்கு ஒப்பான ஆளு. பாவு, கஞ்சிப்பானை, கழி ஒண்ணும் வெளிய கெடக்கப்பிடாது. வழியை மறிச்சோம்னு பிழை போட்டாம்னா அந்தப் பணத்தை எவன் கட்டுவான்? முடுக்கைத் தூத்துத் தெளிச்சுக் கோலம் போடுங்க. நம்ம மருவாதையை அவன் பாக்கட்டும்."

பெண்கள் விடியும் முன்பே பெருக்கினார்கள். சாணம் தெளித்தார்கள். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரை கோலம். அப்படி ஒரு கோலம் அந்த முடுக்கு அதற்கு முன் கண்டதில்லை. கோலம் கலையக் கூடாதென்று இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, வந்தவர்களையெல்லாம் பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னோம். ஓவர்சியர் உச்சி வெயிலில் வந்தார். கோலத்தின் ஓரமாகவே கால் வைத்து நடந்தார், சிரித்தார், மூப்பர் கொடுத்த இளநீரைக் குடித்தார், போனார். மூப்பருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நகரசபைக் கூட்டத்தன்று ஆபீஸ் வராந்தாவில், ஜன்னலோரம் நின்றோம். ஓவர்சியரின் அறிக்கையை வாசித்தார்கள். பகல் வேளையில் பார்த்ததில் ஒருவரும் அவ்வழியே நடக்கவில்லை. கால்தடமோ வண்டித்தடமோ இல்லை. காலையில் போட்ட கோலம் நடுப்பகலிலும் கலையாமல் கிடந்தது. ஆகவே அது பொதுவழி என்ற நிலையை இழந்துவிட்டது.

மூப்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குள் ஏதோ ஒன்று மூண்டது. பயந்தவனுக்குக் கோபம் வந்தால் அதை அவனால் அடக்க முடிவதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"எஜமானே, அந்தக் கோலம் அவருக்காகப் போட்டதாக்கும்! கலையப்பிடாதுன்னு நாங்கதான் ஆளுகளை வெரட்டினோம்!"

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்கு வேண்டிய மெம்பர் ஒருவர், "இனி நகரசபையை ஜன்னல் வழியா நடத்துவோம்," என்றார். பியூன் என்னை இறங்கச் சொன்னார். நகரசபைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வக்கீல். "இரும். நானே வந்து பாக்கேன்," என்றார். நாளையும் சொன்னார்.

திரும்பி வரும் வழியிலேயே மூப்பர் ஆரம்பித்தார். "இந்த மட்டம் இன்னும் நல்லாத் தூத்துத் தெளிக்கணும்."

என் மனைவி பின்வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தூத்துத் தள்ளுங்க மாமா, நல்லாத் தூத்துத் தள்ளுங்க. கடைசியில முடுக்கையும் சேத்து வாரி முதலாளி கையில குடுத்திருவீங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நம்ம பாவு கோத்து ரெடியா இருக்குல்லா? அன்னைக்கு அதை எடுத்து விரியும்."

"பிழை போட்டா?"

"போடட்டும். முடுக்கு போனா மட்டும் என்ன, கூரை மேல விரிப்பீராக்கும்?"

தலைவர் சொன்ன நாள் காலையில், பாவைத் தாங்கும் மூங்கில் கவைகளை நட்டு நான் பாவை நீட்டினேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் விரித்தார்கள். மூப்பர் கதவைச் சாத்திக்கொண்டார். கஞ்சி பூசிக் கொண்டிருந்தபோது முதலாளி தன் ஆட்களோடு வந்துவிட்டார்.

"என்னவே இது, தலைவரு வாற வழியில? எடும் எல்லாத்தையும்."

"எடுக்க ஒக்காது முதலாளி. ஈரமா இருக்கு. இப்பம் சுருட்டினா இழைக்கு இழை ஒட்டிரும்."

"நீரு எடுக்கேரா, நான் எடுக்கச் சொல்லட்டா?"

நான் தூரிகையை நிறுத்தவில்லை. "கையை வச்சா ஒட்டுன பாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்," என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அதற்குள் தலைவர் வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. முடுக்கின் நடுவில் ஒரு கிணற்றுச் சுவர் வழிக்குள் தள்ளி நிற்கும். அந்த இடத்தில் பாவுக்கு அடியில் குனிந்துதான் மறுபக்கம் போக முடியும். ஆள் வந்தால் இரண்டு பேர் பாவைத் தூக்கிப் பிடிப்பது எங்கள் வழக்கம். தலைவரைப் போய்க் குனியச் சொல்வது எப்படி? அவர் அந்தப் பக்கம் நின்றார். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம்.

அப்போது மேற்கு முனையிலிருந்து கடற்கரைக்காரி ஒருத்தி தலையில் மீன் கடவத்தோடு வந்தாள். தினமும் வருகிறவள்தான்.

"பொக்கித் தூக்குங்கவே, வெயிலு ஏறுது! கடவத்தோட நான் எங்கன குனிய?"

நாங்கள் கையை உயர்த்தினோம். அவள் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய், தலைவரைக் கண்டு நின்றாள். யாரென்று அவளுக்குத் தெரியாது. "நீங்க வாங்க ஐயா, பிடிச்சிட்டுத்தான் நிக்காங்க. கொஞ்சம் குனிஞ்சாப் போதும்."

தலைவர் கேட்டார்: "நீ தினம் இந்த வழியாத்தான் வருவியா?"

"பின்னே பறந்தா வருவேன்?"

முதலாளி குறுக்கே, "இவ இன்னைக்கு யாரோ சொல்லி வந்தவ," என்றார்.

"நல்லாருக்கே!" அவள் கடவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "ஒங்க அடுக்களையில நெத்தோலி இந்த முடுக்கு வழியாத்தான் ஏறுது மொதலாளி. வீட்டுல அம்மைகிட்ட கேட்டுப் பாருங்க."

பின்வாசல்களில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தலைவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாவுக்கு அடியில் குனிந்து வந்தார். தோளில் கஞ்சித் துளி விழுந்தது. துடைத்துவிட்டு நடந்தார். அவர் முடுக்கின் முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விறகுக்காரன், ஒரு ஆட்டுக்குட்டி, கோவிலுக்குப் பூ கொண்டு போகிறவர் என்று எல்லோருக்கும் நாங்கள் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

உத்தரவு வந்தது. முடுக்கைக் கைவிடுவதில்லை, அது பொதுவழியாகவே இருக்கும். எல்லோரும் கத்தினோம். நான் மறுபடி வாசித்தேன். கீழே இன்னொரு வரி இருந்தது: பொதுவழியாக இருப்பதால், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக அதில் பாவு விரிக்கக் கூடாது.

"கெடச்சதை வச்சு அடங்கி இருப்போம்," என்றார் மூப்பர்.

அடங்கி இருந்து என்ன செய்ய? வழி இருக்கும், தறி நிற்கும். பயத்தில் நான் பல நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். ஆனால் அடுத்த பாவு கோத்ததும் மூங்கில் கவைகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன். கஞ்சி பாதி பூசியிருக்கும்போது பியூன் வந்தார்.

"உத்தரவு தெரியாதா ஓய்?"

"வாசிச்சவனே நான்தானே."

"பின்னே?"

"நாங்க விரிக்கலைன்னா முடுக்கு சும்மா கெடக்கும். சும்மா கெடந்தா இன்னொரு ஓவர்சியர் வந்து, ஆளே இல்லைன்னு எழுதுவாரு. எழுதிட்டுப் போறதுக்கு எடம் குடுக்க மாட்டோம். போய் அப்படியே சொல்லும்."

தனக்கு மறுபக்கம் போக வேண்டும் என்றார் பியூன். நானும் என் மனைவியும் பாவைத் தூக்கிப் பிடித்தோம்.