பச்சை நிறத் தாங்கிகள்

சண்டை முடிந்து சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மீள்குடியேறிய கிராமங்களுக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோய்த் தாங்கிகளை நிரப்புவது அவர்கள் வேலை. எந்தத் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று காட்டும் கணினி நிரலை எழுதுவது என் வேலை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கைபேசியில் செய்தி அனுப்புவார். தண்ணீர் இருந்தால் வரைபடத்தில் அந்த ஊர் பச்சையாகும். முடிந்துபோனால் சிவப்பு. படித்த படிப்பு எங்கட சனத்துக்கு உதவுகிறதே என்று எனக்குப் பெருமை.

நிரல் சரியாகத்தான் ஓடியது. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. டீசல் போடாமல் பவுசர்கள் நிறுவனத்துக் கந்தோர் வளவிலேயே நின்றன. வரைபடம் சிவந்துபோய்க் கிடந்தது. உதவி கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிறார்கள் என்று அறிந்ததும் பணிப்பாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, உந்தச் சிவப்பை மாத்தேலாதோ? பாக்கிற ஆக்களுக்கு மனம் நோகும்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தண்ணீர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தாலும் பச்சை மாறாமல் நிற்க வேண்டுமாம். ஏலாது என்றேன். டீசல் போட்டால் நிறம் தானாக மாறும் என்றும் சொன்னேன். அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வரைபடம் முழுக்கப் பச்சை. கொழும்பில் யாரையோ பிடித்து என் நிரலில் ஒரேயொரு வரியை மாற்றியிருந்தார்கள். அந்த வரியை வாசித்தபோது சோற்றுக்குள் தலைமயிரைக் கண்டது போல இருந்தது.

வந்தவர்களை மறிச்சுக்கட்டி என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரைபடத்தைக் காட்ட என்னையும் ஏற்றினார்கள். அன்று காலையில்தான் அங்கே தாங்கியை நிரப்பியிருந்தார்கள். விருந்தாளிகள் குழாயைத் திறந்து கையை நனைத்தார்கள், படம் எடுத்தார்கள். குடங்களோடு நின்ற பெண்களை, விருந்தாளிகள் போகும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதற்காக அவர்களின் வாகனங்கள் புறப்பட்டன. நான் பவுசரில் நேரே அங்கே போவதாக ஏற்பாடு.

அப்போது பவுசர் சாரதி தாங்கிக்குள் குழாயை இறக்கி மோட்டரைப் போட்டார். இன்னும் நிரப்பப்போகிறார் என்றுதான் எண்ணினேன். தாங்கியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கேட்டால், அடுத்த ஊரில் காட்டவும் இதே தண்ணீர்தானாம்.

புத்தளத்து முகாமில் இருந்து திரும்பி வந்த ஒரு அம்மா, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி என்னிடம் வந்தார். என் மடிக்கணினியைப் பார்த்தார். குரலில் கோபமேயில்லை.

"மகள், நாங்க குடிச்சிட்டம் எண்டு அதில போட்டுக்கிறீங்களா?"

பணிப்பாளருக்கு அழைத்துக் கத்தினேன். சின்ன விசயத்தைப் பெரிதாக்க வேண்டாம், நாளைக்கு நிரப்பலாம் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். நான் சாரதிக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வதென்றுகூட யோசித்திருக்கவில்லை. அவர் என்னையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மோட்டரை நிற்பாட்டிவிட்டு, "பம்ப் பழுதாப் போச்சுது எண்டு சொல்லுறன்" என்றார். உறிஞ்சியதைத் திரும்பத் தாங்கிக்குள் விட்டார். குடங்கள் நிறையத் தொடங்கின.

அடுத்த ஊரில் குழாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. பணிப்பாளர் கொஞ்சமும் கலங்கவில்லை. இந்தச் சனத்துக்குத் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கத் தெரியாது, அதற்கும் ஒரு பயிற்சி வைக்க வேண்டும் என்று விருந்தாளிகளுக்கு விளங்கப்படுத்தினார். அவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஊர்ச் சனம் ஆங்கிலம் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றது. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் கிழமையே வேலையை விட்டேன். சாரதியையும் நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது அவர் தலைமன்னார் வீதியில் தனியார் பஸ் ஓட்டுகிறார். நான் ஏறினால் முன்சீட்டைக் கண்ணால் காட்டுவார்.