மூச்சு விடாத குரல்

அக்னஸின் பெயரை அவள் புருஷன் பிரான்சிஸ் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமானால் "இந்தா" என்பார். மகள் பிறந்த பிறகு "டயானாம்மா". ஆனால் ஊரில் பாதிப்பேருடைய பெயரை ஒலிபெருக்கியில் சொன்ன வாய் அது. திண்டிவனத்தில் அவர்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் பிரான்சிஸின் மைக்செட்தான். தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஹாரனைக் கட்டிக்கொண்டு எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரோடு அக்னஸ் உட்கார்ந்திருப்பாள். ஒயர் சுற்றுவதும், பேட்டரி மாற்றுவதும், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவள் வேலை.

"வாக்காளப் பெருமக்களே" என்று சொல்லிவிட்டு பிரான்சிஸ் ஒரு மூச்சு இழுப்பார். கவனிக்காமல் விட்டால் அது ஹாரன் வழியாகத் தெருக்கோடி வரை கேட்கும். அந்த இடத்தில் அக்னஸ் சத்தத்தைச் சட்டென்று குறைத்து, மறுபடி கூட்டுவாள். வருஷக்கணக்காக இப்படிச் செய்ததில், அந்த இடம் வந்தால் அவளும் கூடவே மூச்சு இழுப்பது பழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், பிரான்சிஸ் போய்ச் சேர்ந்தார். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பொங்கல் கழிந்ததும் நகராட்சித் தேர்தல் வந்தது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். தெருக்காரர்கள் வந்து அக்னஸை நிற்கச் சொன்னார்கள். அவள் தயங்கினாள். டயானாதான் தான் படித்த ஒன்றைச் சொன்னாள்: நூறு வருஷத்துக்கு முன்னால் நகராட்சித் தேர்தலில் வரி கட்டுகிற சொத்துக்காரர்களுக்குத்தான் ஓட்டாம், இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இருந்திருக்காதாம். அக்னஸ் நின்றாள். சுயேச்சை, பூட்டு சாவி சின்னம். நின்ற பிறகு, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவளே எதிர்பாராத அளவுக்கு அவளைப் பிடித்துக்கொண்டது.

டயானா விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அப்பாவின் பழைய ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, அவர் சொல்லாத வார்த்தைகளை அவர் குரலிலேயே சொல்ல வைத்தாள். செய்யலாமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கேட்டுக்கொண்டே செய்து முடித்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்னஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் பிரான்சிஸ் பேசினார். பழைய கேசட் என்று நினைத்தாள். குரல் கிட்டே வந்தது. "உங்கள் அன்புச் சகோதரி அக்னஸ்..." கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு சூசை மேரி வாசலுக்கு வந்து சிரித்தாள். "ஏண்டி, இருந்தப்ப பேரு சொல்லாத மனுஷன் இப்ப சகோதரின்றாரு. மேல போனதும் உறவ மாத்திக்கினாரா?" சிரித்துக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுப் பெரியசாமி ஆயுசு முழுக்க வேறு கட்சி. அவர் வெளியே வந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் கட்டியிருந்த ஹாரனைப் பார்த்துச் சொன்னார்: "போட்டுட்றேன் பிரான்சிசு. நீ போ."

பிரான்சிஸின் அதட்டலுக்கு வாலாட்டிக்கொண்டு ஓடும் தெருநாய் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

அன்றைக்குத் தெருத்தெருவாக ஜனம் வாசலுக்கு வந்தது. பிரான்சிஸுக்குத்தான் எங்கள் ஓட்டு என்று சிலர் வாய்விட்டே சொன்னார்களாம். அக்னஸுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஆட்டோ கடக்கும் ஒவ்வொரு முறையும், பெருமக்களே என்றதும் அவள் மூச்சை இழுத்தாள். குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நெஞ்சு அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் டயானா தான் செய்ததைச் சொன்னபோது, "அவுரு மூச்சு வுடல டயானா," என்றாள் அக்னஸ்.

சரிபண்ணிவிடுகிறேன் என்றாள் டயானா.

மறுநாள் உச்சிவெயிலில் ஆட்டோ திரும்பவும் வந்தது. "வாக்காளப் பெருமக்களே." இந்தமுறை மூச்சு இருந்தது. ஈரமாக, அடியில் ஏதோ அரைபடுவது போல, முடிவில் மெல்லிய விசிலோடு. கட்டிலருகே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அக்னஸ் கேட்ட மூச்சு. இது வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருந்த மூச்சு. அது இப்போது ஹாரனில், தெரு முழுக்க.

செருப்பில்லாமல் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாள். டயானாவும் பின்னால் ஓடிவந்தாள்.

"எங்கேர்ந்துடி எடுத்த?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து அப்பா எனக்கு வாய்ஸ் அனுப்பினாரும்மா. பேச்சு வரல. மூச்சு மட்டுந்தான் இருந்துச்சு." டயானாவின் குரல் உள்ளே போயிற்று. "பழைய கேசட்டுல எங்கயும் மூச்சு தனியா கிடைக்கல."

அக்னஸ் அவளைத் திட்டவில்லை. ஆட்டோவின் பின்பக்கம் போய், ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்த செல்போனின் ஒயரைப் பிடுங்கினாள்.

ஆட்டோக்காரன் ராஜாமணிக்குப் பேஜாராகிவிட்டது. "அக்கா, இந்தக் கொரலுக்குத்தான் ஜனம் வெளிய வருது. நிறுத்தினா ஓட்டு போய்டும்."

"போவட்டும்."

மைக்கைச் சொருகினாள். இத்தனை வருஷத்தில் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர, அதில் பேசியதில்லை. பாதி திறந்த கதவுகளுக்குப் பின்னால் முகங்கள் நின்றன. பெரியசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"வாக்காளப் பெருமக்களே..."

குரல் பிசிறடித்தது. அந்த இடம் வந்ததும் தானாக மூச்சு இழுத்தாள். ஹாரனில் சத்தம் சட்டென்று தணிந்தது. மூச்சு யாருக்கும் கேட்கவில்லை. பிறகு சத்தம் பழையபடி ஏறிக்கொண்டது.

அக்னஸ் திரும்பிப் பார்த்தாள். ராஜாமணி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தான். டயானா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர் மட்டும், வெயிலில், தனியாக இருந்தது.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் அக்னஸ் பேசறேன்," என்றாள்.