தங்கதுரை சுமந்த பங்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் தங்கதுரையின் பஞ்சர் கடை இருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்து ஆள். லாரி கிளீனராக வந்தவன், டிரைவர் கை நீட்டிவிட்டான் என்று நடுவழியில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே கடை போட்டுவிட்டான். கோபக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். பிடிவாதக்காரன். யாரோ ஒரு வண்டிக்காரன் விட்டுப்போன டயரை ஒரு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்து, அவன் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்தான். இந்தப் பிடிவாதத்தால் எனக்கு எத்தனையோ முறை எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அவனைப்போல் இன்னொருத்தனை நான் பார்த்ததில்லை.

கடை வாசலில் எப்போதும் இரண்டு நாய்கள் படுத்திருக்கும். ஒன்று செவலை, இன்னொன்று ஜிம்மி. பெயர்தான் ஜிம்மி, ஆள் சுத்த நாட்டு நாய். கல்யாணமான புதிதில் அவன் மனைவி ராஜாம்பாள், "ஒண்ணு இந்த நாய்ங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு மாதம் போவதற்குள் அவளே அவற்றுக்குச் சோறு பிசைந்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். தங்கதுரையிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. அவன் வாதாடினால்தானே ஜெயிப்பதற்கு.

கோடை வந்துவிட்டால் எங்களுக்குக் கல்வராயன் மலை. நாங்கள் நாலு பேர். தங்கதுரை, அரிசி மில்லில் வேலை பார்க்கும் தீனதயாளன், கொத்தனார் டென்னிஸ், துணிக்கடையில் நான். டென்னிஸின் ராணியையும் சேர்த்தால் மூன்று நாய்கள். குதிரைமுடியில் ஏறி, அங்கிருந்து மலை முதுகோடு பாறை பாறையாகத் தொற்றிப்போய் மொட்டைமுடியில் இறங்குவோம். போய் என்னத்தைக் கண்டீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றும் இல்லை, முழங்கால் தோல் போனதுதான் மிச்சம். ஆனாலும் அடுத்த கோடை வந்தால் கால் அரிக்கும்.

மலை முதுகில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தங்கதுரை பழைய டியூபை வெட்டி, தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி, ஆளுக்கு ஒன்றாகத் தோளில் மாட்டிவிடுவான். நாய்களுக்கென்று தனியாக ஒரு ஸ்கூட்டர் டியூப். தண்ணீர் ரப்பர் நாற்றம் அடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். பங்கு விஷயத்தில் அவன் பிடித்தது முயல் வேட்டைச் சட்டம். எங்கள் பக்கத்தில் வேட்டைக்குக் கிளம்பிய ஒவ்வொருவருக்கும் கறியில் பங்கு உண்டு, நாய்க்கும் உண்டு. பாதி வழியில் காலில் முள் ஏறி வீட்டுக்குத் திரும்பியவனுக்கும் அவன் பங்கு போய்ச் சேர வேண்டும்.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ஊரே தன் பங்கைக் கேட்டுச் சாலைக்கு வந்திருந்தது. அவர்கள் கேட்டதில் எனக்கு மாறுபாடு இல்லை. பஸ் ஓடவில்லை, மில் ஓடவில்லை, சக்கரம் உருளாத நாளில் பஞ்சர் கடைக்கு என்ன வேலை. "மலைக்குப் போலாம்" என்றான் தங்கதுரை. விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பிவிட்டோம். நாய்கள் கூடவே ஓடிவந்தன.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். நின்றவர்களில் பாதிப்பேர் தெரிந்த முகங்கள். தங்கதுரையின் மாமன் மகன் அய்யனாரும் அதில் நின்றான். எங்களை விட்டார்கள். டென்னிஸின் சைக்கிளை மட்டும் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

"இவன் காலனி ஆளு. இவனுக்கு இன்னா வேல இந்தப் பக்கம்?"

ஊருக்கும் காலனிக்கும் அந்த வருஷம் அப்படி ஒரு புகைச்சல்.

"என்னோட வந்தவன்" என்றான் தங்கதுரை.

"நீ போ மச்சான். அவன் திரும்பிப் போவட்டும். நேரம் சரியில்ல" என்றான் அய்யனார்.

தங்கதுரை பேசாமல் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். அவன் ஸ்டாண்டு போட்டால் நாள் முழுக்க அங்கேயே நிற்பான் என்று டென்னிஸுக்குத் தெரியும். டென்னிஸ் தன் தோளில் கிடந்த டியூபைக் கழற்றித் தங்கதுரையின் தோளில் மாட்டினான். "தகராறு வாணாம் துரை. நீங்க ஏறுங்க." ராணியைக் கூப்பிட்டுக்கொண்டு, வந்த வழியே சைக்கிளைத் திருப்பிவிட்டான்.

சைக்கிள்களை அடிவாரத்தில் விட்டுவிட்டு மூவரும் குதிரைமுடி ஏறினோம். மலை முதுகுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாறையில் கை வைத்தால் தோசைக்கல். ஓரிடத்தில் வழி ஆள் அகலம்கூட இருக்காது, இரண்டு பக்கமும் பள்ளம். நாய்களைக் கைமாற்றிக் கைமாற்றித் தாண்ட வைத்தோம். அப்போது ஸ்கூட்டர் டியூப் ஒரு பாறை முனையில் கிழிந்து, நாய்த்தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் கொட்டியது. தங்கதுரை தன் டியூபை அவிழ்த்து, உள்ளங்கையில் ஊற்றிச் செவலைக்கும் ஜிம்மிக்கும் கொடுத்தான்.

தீனதயாளன் தன் பங்கை ஏறும்போதே முடித்துவிட்டிருந்தான். நானும் முடித்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் தீனதயாளனுக்குக் கால் பிடித்துக்கொள்ள, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டென்னிஸ் டியூப அவுருடா" என்றான்.

"அது அவன் பங்கு."

"அவன் வூட்டுக்குப் போயிட்டான். நம்மள குடிக்கச் சொல்லித்தான குடுத்தான்?"

"குடிக்கச் சொல்லல. மாட்டிட்டுப் போனான்."

"அவன் வூட்ல மோர் குடிச்சிக்கினு இருப்பான். இங்க நான் சாவறேன். உனக்கு இன்னா, பைத்தியமா?"

தங்கதுரை தன் டியூபில் மிச்சமிருந்ததை அவன் வாயில் பிழிந்தான். தனக்கு எச்சில் ஊற ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவன் முதுகில் ஒரு டியூப் நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்னால் நடப்பது எனக்குச் சித்திரவதையாக இருந்தது. அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அவனும் தள்ளாடித்தான் நடந்தான். பேசினால் நாக்கு குழறியது. நாய்கள் மட்டும் அவன் காலை ஒட்டியே போயின.

மொட்டைமுடி நெருங்கும்போது ஜிம்மி திடீரென்று குரைத்துக்கொண்டு முன்னால் ஓடியது. மேலேயிருந்து இன்னொரு நாய் பதில் கொடுத்தது.

முடிப்பாறையின் துண்டு நிழலில் டென்னிஸ் சாய்ந்திருந்தான். மடியில் ராணி நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அவன் உதடு வெடித்திருந்தது.

"எப்பிட்றா வந்த?" என்றேன்.

"பாதி வழி போனேன். மனசு கேக்கல. கரும்புக் கொல்லைங்க ஊடால பூந்து, அணைப் பக்கமா சுத்திக்கினு வந்தேன். உச்சி வெயிலுக்கு முன்னாடியே ஏறி வந்து இங்கதான் கெடக்குறேன்."

"தண்ணி?"

"கீழ வாய்க்கால்ல குடிச்சதோட சரி." தங்கதுரையின் தோளைப் பார்த்தான். "எம் பங்குதான் துரைகிட்ட வருதே."

சொல்லிவிட்டு, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல் கை நீட்டினான். தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

டென்னிஸ் முடிச்சை அவிழ்த்து முதலில் ராணிக்கு ஊற்றினான். அப்புறம் தான் குடித்தான். குடித்து நிமிர்ந்தவன் தீனதயாளனின் முகத்தைப் பார்த்து, மீதியை அவனிடம் நீட்டினான்.

"எனக்கு வாணாம்பா" என்றான் தீனதயாளன்.

"வாங்கிக்கடா" என்றான் தங்கதுரை. "அது அவன் பங்கு. அவன் குடுக்குறான்."